தவிட்டுக்கு விற்ற மகள்

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள், பெற்ற குழந்தையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் கிடத்தினேன். அதுவும் சாதாரணக் குப்பைமேடு இல்லை. ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு தோல் கிடங்கு இருந்தது. தோல் ஊறி முடிந்த ஆவாரம்பட்டையைக் குழிகளிலிருந்து வாரி வெளியே கொட்டிக் கொட்டி அங்கே ஒரு மேடே எழும்பியிருந்தது. அந்தச் சக்கை மேட்டில்தான் கிடத்தினேன். எந்தக் குளிரிலும் அது உள்ளுக்குள் புழுங்கி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த ஊரில் இருந்தவர்களுக்கு அது பழகிப்போய்த் தெரியாது, இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் குணத்தைச் சொல்ல வேண்டும். நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே முடித்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். நாலாம் வகுப்புக்குப் பாடக் குறிப்புகள் ஒரு மாதம் முன்னாலேயே எழுதி வைத்திருப்பேன். முதல் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதற்கு ஐந்து வயது வரைக்கும் சட்டை தைத்தேன். மிஷன் பள்ளியில் தையல் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு சட்டையின் ஓரத்திலும் மூன்று மடிப்பு வைத்துத் தைத்தேன். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் போதும், சட்டையும் கூடவே வளரும் என்று கணக்கு.

முதல் குழந்தை மூச்சே விடாமல் பிறந்தது. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. மூன்றாவது பையன், பதினைந்து மாதம் இருந்தான். வேலூரில் படிப்பான், பிறகு சென்னைக்குப் போவான், எங்களையும் அழைத்துக்கொள்வான் என்று அவனுக்காக நான் போட்டு வைத்திருந்த திட்டங்களை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை பேதி கண்டது, சனிக்கிழமை போய்விட்டான். பெட்டியிலிருந்த சட்டைகளை எல்லாம் நானே பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் தையல் வகுப்பைத் தவிர வேறெங்கும் ஊசியைத் தொடவில்லை.

நாலாவது முறை வயிறு தெரிந்தபோது நான் எதையும் தயார் செய்யவில்லை. பழைய வேட்டித் துணியைக்கூடக் கிழித்து வைக்கவில்லை. என் கணவரிடம் மட்டும் ஓயாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: இதுவாவது தங்குமா? அவர் அந்தக் கிடங்கில் தோலைத் தரம் பிரிக்கிறவர். பதமாகி வந்த ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று ஒதுக்குவார். பட்டைச் சாயம் ஏறி அவர் விரல்கள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். என் கேள்வியைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் சொன்னார்:

"கைக்கு வந்த தோலத்தான் நான் தரம் பாக்க முடியும். இன்னும் மேஞ்சிட்டிருக்கிற ஆட்டுத் தோலுக்கு இன்னா சொல்றது?"

வயிற்றிலிருக்கும் பிள்ளையை ஆட்டுத் தோலோடு சேர்த்துப் பேசிவிட்டாரே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் போய்விடும் என்று எனக்குள் ஒரு பயம் உறைந்து கிடந்தது.

தவிட்டு யோசனையைச் சொன்னவள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றும் அம்மாள். பிள்ளை தங்காத வீடுகளில், பிறந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொருத்தியைத் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்வது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். இது இவளுடைய பிள்ளை இல்லை, எவளோ குப்பையில் கண்டெடுத்தது என்று எமனே ஏமாந்து போய்விடுவானாம். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த இடத்தில் அந்த அம்மாள் இதைச் சொன்னதும், கிறிஸ்தவ வீட்டில் வந்து இதைப் பேசுகிறாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப்புறம் இருந்த பாயம்மாவிடம் போய் நின்றேன்.

பாயம்மாவின் புருஷர் ஒடுகத்தூர்ப் பக்கம் சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத்தோல் வாங்கி வருகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். நாலு மகன்களும் தலையெடுத்துப் போய்விட்டார்கள். பாயம்மாவுக்குத் துணை இரண்டு ஆடுகள்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் ஆட்டுக்கே தவிடு கம்மியாக இருக்கிறது, இதில் பிள்ளை வேறு வாங்குவதா என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சிரிப்பை நிறுத்திவிட்டு, காலையில் வருகிறேன் என்றார்.

மறுநாள் வெள்ளென, கிடங்குக்கு ஆள் வருமுன் நாங்கள் இருவரும் சக்கை மேட்டுக்குப் போனோம். ஒரு துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டு நான் தள்ளி நின்றேன். அடியிலிருந்து வந்த சூட்டில் அது சுகமாகத் தூங்கியது. பாயம்மா முறத்தில் தவிட்டோடு வந்து, யாருடைய பிள்ளை என்று கேட்டார். யாருடையதும் இல்லை என்றேன். அப்படியானால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சரி என்றேன். தவிட்டை என் முந்தானையில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இனிமே இது என் புள்ள. நீ பால் குடு, வளத்துக் குடு. பேஜார் பண்ணிக்காத."

சபைப் போதகர் காதுக்கு விஷயம் போகாமல் இருக்குமா? கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் கண்டித்தார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஞாயிறு வகுப்பில் நானே பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. தவிட்டுக்கு விற்கிற மற்றப் பெண்கள் குப்பைமேட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்கு அது சும்மா ஒரு சடங்கு, பாதி விளையாட்டு. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே. விற்றது விற்றதுதான் என்று மனதில் எழுதிக்கொண்டேன். ஐந்து வயது முடியும் வரை அவள் பாயம்மாவின் பிள்ளை. அதுவரை மகளே என்று கூப்பிடுவதில்லை, முத்தம் இல்லை, அழகாக இருக்கிறாள் என்று சொல்வதில்லை, அவள் விளையாடுவதை நின்று பார்ப்பதில்லை. யாரும் எனக்கு இந்தச் சட்டங்களைப் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன், நானே தவறாமல் நடந்தும் காட்டினேன்.

பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன். விடுதியில் முறை போட்டுச் செய்கிற வேலையைப்போல எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஆறு மாதத்தில் நான் பள்ளிக்குத் திரும்பியதும் பகலெல்லாம் அவள் பாயம்மா வீட்டில்தான். இரவில் அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்வாள். என் கணவர் சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும், அன்று அவள் என்னென்ன செய்தாள் என்று பாயம்மாவிடம் கேட்டுவந்து என்னிடம் ஒப்பிப்பார். இன்றைக்குப் பல் தெரிகிறது, இன்றைக்கு ஆட்டின் காதைப் பிடித்து எழுந்து நின்றாள், இன்றைக்குத் தன் நிழலைப் பார்த்துப் பயந்தாள். அப்படியா, பாயம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பேன். முதலில் சிரித்தார். போகப் போகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். ஆனாலும் வாசலில் அவள் ஏதாவது செய்தால், இங்கே வந்து பார் என்று கூப்பிடாமல் இருக்க அவரால் முடியாது. நோட்டுத் திருத்த வேண்டும் என்று உள்ளேயிருந்து பதில் சொல்வேன். அப்படி ஒரு சாயங்காலம் அவர் வாசலிலிருந்து உள்ளே வந்து என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"புள்ள இன்னிக்கு இருக்குது. இன்னிக்கு பாக்காம எப்ப பாக்கப்போற?"

ஐந்து வயது முடிந்தபிறகு பார்ப்பேன் என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டேன்.

ஜெபத்திலும் எனக்கு அதே பிடிவாதம். இவளை ஐந்து வயது தாண்டவிடும், அப்புறம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக நன்றி சொல்கிறேன் என்று ஆண்டவரிடமே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் போன பதினைந்தாம் மாதம் நெருங்கியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாதம் கடந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை, பதினாறாம் மாதத்துக்குப் பயப்பட ஆரம்பித்தேன்.

நாலரை வயதில், தை மாதம், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் ஒரு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மறு முழங்கால், பிறகு மணிக்கட்டு. உள்ளூர் வைத்தியர் கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. பத்தாம் நாள் பாசஞ்சர் வண்டியில் காட்பாடி போய், அங்கிருந்து குதிரை ஜட்கா வைத்துக்கொண்டு வேலூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடவே வருகிறேன் என்று பாயம்மா அடம்பிடித்தார். கூட இருக்க ஒருத்தியைத்தான் விடுவார்கள் என்று சொல்லிவிட்டு நான் போனேன். என் கணவர் எங்களைச் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

வார்டில் அவள் அம்மா, அம்மா என்று அழுதுகொண்டே இருந்தாள். அங்கே எங்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர் இருந்தார், வயதானவர், கறாரான முகம். பிள்ளை இப்படி ஏங்கி அழுகிறதே, தாயை வரச் சொல்லக்கூடாதா என்று என்னிடம் கேட்டார். நான்தான் தாய் என்றேன். என் மகள் காய்ச்சல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இவங்க இல்ல. இவங்க வாத்தியாரம்மா."

தெருவில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். இத்தனை நாளும் அது என் காதில் உறுத்தியதே இல்லை. திட்டம் சரியாக நடக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன். நர்ஸ் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் காய்ச்சல் இறங்கவேயில்லை. கட்டில் பக்கம் யார் வந்தாலும், பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். வெள்ளைக்கார டாக்டரம்மாவைக் கேட்டேன், மருந்து கொண்டுவந்த பெண்ணைக் கேட்டேன், தரை கூட்ட வந்தவளைக்கூடக் கேட்டேன். நாலாம் நாள் அந்த நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, விடிஞ்சதுலருந்து இதையே கேக்கிறீங்க. எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. புள்ளைக்கு ஒதடு காஞ்சி வெடிச்சிருக்குதே, அத பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன், அவள் உதடு வெடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது, எப்போது வந்தது, எனக்குத் தெரியவில்லை. காது மடல் அப்படியே, இறந்துபோன என் பையனுடையது. கன்னத்தில் என் கணவரின் குழி. ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கரண்டியால் உதட்டில் விட்டேன். நாக்கை நீட்டித் துழாவினாள். "இன்னும்" என்றாள். இன்னொரு கரண்டி விட்டேன். தொண்டையில் இறங்குவது தெரிந்தது. அந்த இரண்டாவது கரண்டி தண்ணீருக்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பையன் போனபிறகு, அப்படி இப்படி என்று நிபந்தனை போடாமல் நான் சொன்ன முதல் நன்றி அதுதான். சாயங்காலம் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் குடித்தாள், அது தெரியும்.

நான்தான் அம்மா என்று அதற்கப்புறம் அவளிடம் வாதாடவில்லை. வாத்தியாரம்மா, கால் வலிக்கிறது என்பாள், காலைப் பிடித்துவிடுவேன். அம்மாவின் ஆடு குட்டி போட்டிருக்குமா என்று கேட்பாள், போட்டிருக்கும் என்பேன். எத்தனை குட்டி, என்ன நிறம் என்று பேசிக்கொண்டிருப்போம். நான் அவளோடு சும்மா உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவள் கெட்டிக்காரி, வாயாடி. எதைச் சொன்னாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

காய்ச்சல் இறங்கியது. ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றபோது டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். அவர் தமிழை வேதப்புத்தகத்திலிருந்து படித்தவர், பேச்சும் அப்படியே இருக்கும்.

"இருதயத்தின் கதவு ஒன்று பழுதாயிற்று. அது பத்து வருஷம் உழைக்கலாம், நாற்பது வருஷமும் உழைக்கலாம். நான் அறியேன். இவள் இனி ஓடலாகாது."

மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, குளிரில் நனையக்கூடாது என்று வேறு பலவும் சொன்னார். ஐந்து வயது தாண்டினால் போதும் என்று எல்லை கட்டி வைத்திருந்தவளுக்கு, எந்த வயதைத் தாண்டினாலும் பயம் தீராது என்று ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பும் வண்டியில் இதை நினைத்து நான் அழுதேன், மறைக்கவில்லை. விரிஞ்சிபுரம் தாண்டும்போது மகள் என் மடியில் எழுந்து உட்கார்ந்து, ஆற்றில் தண்ணீரே இல்லையே, அதை ஏன் ஆறு என்கிறார்கள் என்று கேட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஐந்து வயது முடிந்த நாள் எப்போது வந்து போனது என்று எனக்கு நினைவே இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையா என்று என் கணவர் சீண்டினார். வேண்டாம், பாயம்மாவும் வைத்துக்கொள்ளட்டும், நானும் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம், ரசம் காரம் என்று என்னைத் திட்டும்போது, இன்னா அம்மா இது என்றாள். வேறு ரசம் வைத்துக் கொடுத்தேன். பிறகு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது அவளுக்குப் பதினோரு வயது. என் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷ நடை, எங்களுக்கு அரை மணி நேரம். நான் இன்னமும் பாடக் குறிப்பை முன்கூட்டியே எழுதுகிறவள்தான், குணம் அவ்வளவு சுலபமாகப் போகாது. சில இரவுகளில் பத்து வருஷம் என்று டாக்டரம்மா சொன்னதை விரல்விட்டு எண்ணவும் செய்கிறேன். ஆனால் காலையில் அவள் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கிவிட்டால் அந்த அரை மணி நேரம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருப்பதில்லை. மூச்சு வாங்க அவள் நிற்கிற இடங்களில் நானும் நிற்பேன். காயப்போட்ட தோல்களை எண்ணுவோம், காக்கையைத் திட்டுவோம். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வாய்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

போன வாரம் பள்ளியில் ஓட்டப்பந்தயம் நடந்தது. அவள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "சின்ன வயசுல நான் ஓடியிருக்கேனா?" என்று கேட்டாள். பாயம்மா சுவருக்கு அந்தப்புறமிருந்தே பதில் சொன்னார். ஓடினாயா என்றா கேட்கிறாய், நீ நடந்ததே கிடையாது, பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கிடங்கு வாசலில் உன் அப்பா தலை தெரிந்ததும் தெரு அதிர ஓடுவாய், ஆடு இரண்டும் உன் பின்னால் ஓடும் என்றார். என் கணவரும் சேர்ந்துகொண்டார். அவள் ஓடி வந்து மோதுகிற வேகத்தில் இரண்டு முறை அவர் தலைப்பாகை விழுந்திருக்கிறதாம். புருவத்துத் தழும்புகூட அப்படி ஓடி விழுந்ததுதானாம். இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நாலரை வயதுவரை தினமும் நடந்தது அது. தினமும் நான் பத்தடி தூரத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியா அம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாக்கல" என்றேன்.

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, இப்ப நடக்கறேன். பாரு."

வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் மெதுவாக நடந்து போனாள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பி வந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.